தடுப்புக்கு அந்தப் பக்கம்

பொன்னுரங்கம் மூக்கை விடைத்துக்கொண்டு இன்னொரு தரம் மூச்சை இழுத்தார். ஒன்றும் வரவில்லை. வராது என்று தெரியும். தெரிந்தும் இழுத்தார். டிரெய்லரின் முன்பக்க அறையில், மகளுக்காக அவரே அடித்த கீழ்க்கட்டிலில், முழங்கால்மேல் கைகளை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மணி ஒன்றரை. கதவு சாத்தியிருந்தது, சன்னல் சாத்தியிருந்தது, கூரையில் காற்றுப் போக வைத்த மூடியும் சாத்தியிருந்தது. கரூர் வெயிலில் அலுமினியத் தகடு விரிந்து அங்கங்கே டொப்பென்று சொடுக்கியது. அவர் முகத்துக்கு ஒரு முழத் தூரத்தில் பிளைவுட் தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் பைக் நிறுத்துகிற இடம். அங்கே தரையில் ஒரு பழைய தாம்பாளம், தாம்பாளத்தில் அரை லிட்டர் பெட்ரோல். அவரே ஊற்றி வைத்துப் பின்கதவைத் தூக்கி மூடிவிட்டுச் சுற்றி வந்து இங்கே உட்கார்ந்து இருபது நிமிஷம் ஆகிறது. தடுப்பில் எங்காவது ஓட்டை இருந்தால் ஆவி இந்தப் பக்கம் கசியும், கசிந்தால் மூக்குக்குத் தெரியும். எந்த மூக்குக்கும் தெரியும். பெட்ரோல் வாசம் தெரியாத மூக்கு உலகத்தில் உண்டா? உண்டு. இதோ இருக்கிறது, கண்ணாடியைத் தாங்கிக்கொண்டு. நாலு மணிக்கு மகள் வாணி வந்துவிடுவாள். பைக்கை ஏற்றிக் கட்டி, இந்த டிரெய்லரை ஜீப்பில் மாட்டி இழுத்துக்கொண்டு சிக்கமகளூர் பக்கம் பைக் பந்தயத்துக்குப் போய், நாலு நாள் இதே கட்டிலில் படுக்கப் போகிறாள், தலைமாட்டில் பெட்ரோல் நிறைந்த பைக்கோடு. அப்பா கட்டியது என்று நிம்மதியாகத் தூங்குவாள்.

மறுபடி இழுத்தார். காற்று உள்ளே போனது, வெளியே வந்தது. சூடு தெரிந்தது. மூக்குத் துவாரத்தின் ஓரத்தில் வியர்வை அரித்தது தெரிந்தது. வாசம் மட்டும் இல்லை. பஸ்ஸுக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் இருபத்தொன்பது வருஷம் வேலை செய்தவர் அவர். அதில் பாதி நாள் அவருக்குப் பெயரே கிடையாது, மூக்கு மேஸ்திரிதான். சீட்டுக்கு அடியில் ஒயர் சூடேறினால் புகை வருமுன் அவருக்குத் தெரியும். பெயின்டில் தின்னர் கூடிப்போனால் வாசல் படியிலேயே நின்று சொல்வார். வெல்டர் முந்தின நாள் குடித்தானா, இன்று காலையே குடித்தானா என்றுகூடச் சொல்வார், வெல்டர் சிரித்துக்கொண்டே ஒதுங்கிப் போவான். முதலாளி புது வண்டியை வெளியே அனுப்புமுன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, மூக்கு மேஸ்திரி ஒரு நடை நடந்துட்டாரா என்று கேட்பார். அவர் முன்படியில் ஏறிப் பின்படி வரைக்கும் நடப்பார். தலையை ஆட்டினால் வண்டி கிளம்பும். அப்படி எத்தனை வண்டி. அந்த வண்டிகளில் எத்தனை பேர் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்கள். அப்புறம் ஊருக்கெல்லாம் அந்தக் காய்ச்சல் வந்தது, இந்த வீட்டுக்கும் வந்தது. மூன்று பேருக்கும் ஒரே வாரத்தில் வாசம் போயிற்று. மனைவி வளர்மதிக்குப் பத்தாம் நாள் திரும்பியது, காப்பித்தூள் டப்பாவைத் திறந்து கத்தினாள். வாணிக்கு மூன்று வாரம். அவருக்கு ஒரு மாசம் ஆகியும் வரவில்லை. காலையில் எழுந்ததும் வளர்மதி கேட்பாள், வந்துருச்சுங்களா. பட்டறையில் கேட்பார்கள், மேஸ்திரி, வந்துருச்சா. போனில் மச்சான் கேட்பான். எல்லாரும் கேட்டுக் கேட்டு, பதில் சொல்லிச் சொல்லி, ஒருநாள் காலையில் சோம்பேறித்தனமாகத்தான் சொன்னார், வந்துருச்சு. வளர்மதி கும்பிட்டுக்கொண்டாள். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையைத் திருப்பி எடுக்க முடியவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்றால் நாளைக்குள் நிஜமாகவே வந்துவிட்டால்? வராத நாள் ஒவ்வொன்றும் பொய்யின்மேல் ஒரு ஆணி அடித்தது. மூன்று வருஷம். எத்தனை ஆணி.

தலை லேசாக வலிப்பதுபோல் இருந்தது. அவர் நிமிர்ந்தார். வலிக்கிறதா? பெட்ரோல் ஆவி மூக்கில் ஏறினால் தலைதான் முதலில் வலிக்கும். ஆனால் காலையில் ரெண்டு இட்லியோடு எழுந்தவர், வெயில், இந்த அடைப்பு, எதனாலும் வலிக்கும். இது ஆவி வலியா பசி வலியா? நெற்றிப்பொட்டை அமுக்கிப் பார்த்தார். அமுக்கினால் வலித்தது, அமுக்கினால் யாருக்கும் வலிக்கும். மேலே சின்ன ஃபேன் இருந்தது, கைக்கெட்டுகிற இடத்தில் சுவிட்சும் இருந்தது. போட்டால் கொஞ்சம் காற்று வரும். கை சுவிட்சுக்கு அருகே போய் நின்றுவிட்டது. சுவிட்சுக்குள் ஒரு பொறி. கண்ணுக்குத் தெரியாத பொறி. ஆவி இங்கே வந்திருந்தால்? வந்திருக்கிறதா என்பது தெரியத்தானே உட்கார்ந்திருக்கிறது. ஒரு தீக்குச்சி கிழித்துப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும் என்று ஒரு நினைப்பு வந்து, வந்த வேகத்தில் அவரே அதிர்ந்து கையை மடிக்குள் இழுத்துக்கொண்டார். சட்டைப் பையில் தீப்பெட்டி இல்லையே? இல்லை. பீடியை விட்டுப் பதினோரு வருஷம் ஆகிறது. இருந்தாலும் தடவிப் பார்த்தார். அலாரம் ஒன்று வாங்கி இந்தச் சுவரிலேயே மாட்டியிருக்கிறார், பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. சமையல் வாயுவுக்கென்று செய்தது. லைட்டரைக் காட்டினால் ஊரே கூடுகிற மாதிரி அலறுகிறது. பெட்ரோல் நனைத்த துணியைக் காட்டினால் ஒரு நேரம் கத்துகிறது, ஒரு நேரம் சும்மா இருக்கிறது. இப்போது சும்மா இருக்கிறது. ஆவி இல்லாமல் சும்மா இருக்கிறதா, ஆவி இருந்தும் சும்மா இருக்கிறதா? அதன் பச்சைக் கண்ணை அவர் நம்பவில்லை. எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கிற முகம். அப்படி ஒரு முகத்தை அவர் தினம் கண்ணாடியில் பார்த்துத்தான் சவரம் செய்கிறார்.

பட்டறையை விட்டதும் அதனால்தான். முதுகுவலி என்று சொன்னார், எல்லாரும் நம்பினார்கள், முதுகும் கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. ஒரு புது வண்டிக்குள் முன்படியில் ஏறிப் பின்படி வரை நடந்து தலையை ஆட்டினார். வண்டி வாசலைத் தாண்டவில்லை, டிரைவர் குதித்து இறங்கினான், டேஷ்போர்டுக்குள் ஒயர் கருகிக்கொண்டிருந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, மணலை வாரிப் போட்டு அணைத்தார்கள். முதலாளி ஒன்றுமே சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது, திட்டியிருந்தால் அன்றே சொல்லியிருப்பார். ஒருநாள் வீட்டில் அடுப்புக்கு இரண்டடி தூரத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், பால் தீய்ந்து பாத்திரம் கருகி வளர்மதி மாடியிலிருந்து ஓடி வந்தாள். கண் அசந்துட்டேன் என்றார். அவள் பூ வைத்துக்கொண்டு வந்து நின்றால் மூச்சை இழுத்து ஆகா என்பார். குழம்பு கொதித்தால் முதலில் கண்ணால் அடுப்பைப் பார்ப்பார், என்ன குழம்பு என்று தெரிந்தபிறகு வாசத்தைப் புகழ்வார். இதெல்லாம் கைவந்துவிட்டது. கைவராதது ஒன்றுதான். வாணி பிறந்து மூன்றாம் நாள், துணியோடு கையில் கொடுத்தார்கள், உச்சந்தலையில் மூக்கை வைத்தபோது ஒரு வாசம் வந்தது. அதை எத்தனையோ வருஷம் வைத்திருந்தார், நினைத்தால் வரும். இப்போது நினைத்தால் அப்படி ஒன்று இருந்தது என்பது மட்டும் வருகிறது. வாசம் போனால் வாசத்தின் ஞாபகமும் போகும் என்று யாரும் சொல்லவில்லை. யாரிடம் கேட்டார், யாராவது சொல்வதற்கு?

இந்த டிரெய்லர் பட்டறையின் பின்பக்கம் முள்ளுக்குள் ரொம்ப நாள் கிடந்தது. யாரோ பந்தயக்காரர்கள் பைக் ஏற்றிப் போகக் கட்டச் சொல்லிப் பாதியில் விட்ட வெறும் கூடு. போன வருஷம் வாணியும் அவள் சிநேகிதி ஷபானாவும் ஒரு ஊருக்குப் பந்தயத்துக்குப் போய் லாட்ஜில் தங்கினார்கள். மண்மேட்டிலும் பள்ளத்திலும் பைக்கைப் பறக்கவிடுகிற பந்தயம், அதில் அவள் போன வருஷம் தோள் எலும்பை உடைத்துக்கொண்டதைக்கூட அவர் ஒருவாறு பொறுத்துக்கொண்டார். லாட்ஜ் கதையைத்தான் பொறுக்க முடியவில்லை. எவனோ ஒருத்தன் கதவைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறான். இரண்டு பெண்களும் கட்டிலை நகர்த்திக் கதவுக்கு முட்டுக் கொடுத்து, அதன்மேல் உட்கார்ந்தபடியே விடியவிட்டிருக்கிறார்கள். காலையில் போனால் வெளியே சங்கிலி போட்டுக் கட்டின பைக்கில் பிரேக் ஒயரை யாரோ தளர்த்தி வைத்திருக்கிறார்கள். இதை மூன்று மாசம் கழித்துத் தோசை தின்றுகொண்டே சிரிப்பாகச் சொன்னாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாளே முள்ளை வெட்டிக் கூட்டை வீட்டுக்கு இழுத்து வந்தார். பைக்கும் உள்ளே, பிள்ளைகளும் உள்ளே. முன்பக்கம் மேலும் கீழுமாக இரண்டு கட்டில், ஒரு சின்ன அடுப்பு மேடை, தண்ணீர்த் தொட்டி. பின்பக்கம் தரையில் பைக்கைக் கட்ட ஆறு இரும்பு வளையம். கதவுக்கு உள்ளிருந்து போட மூன்று தாழ்ப்பாள் வைத்தார். வைத்த அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டார். மறுநாள் காலையில் பல் விளக்கும்போது, உள்ளே தீப்பிடித்தால் மூன்று தாழ்ப்பாளையும் திறக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒரு கேள்வி வந்தது. வாயைக் கொப்பளிக்காமலே போய் இரண்டைக் கழற்றினார். சாயங்காலம், ஒரு தாழ்ப்பாள் எட்டி உதைத்தால் போதுமே என்று தோன்றியது. தடிமனான ஒன்றை மாட்டினார். அது சாவியில்லாமல் ஒரே இழுப்பில் திறக்க வேண்டும். சன்னலுக்குக் கம்பி போட்டார், எவனும் கை விடக்கூடாது. கம்பி போட்டால் அவர்கள் எப்படி வெளியே வருவது? கம்பியைக் கீலில் தொங்கவிட்டு உள்ளிருந்து தள்ளினால் திறக்கிற மாதிரி மாற்றினார். வெளியே இருப்பவன் வரக்கூடாது, உள்ளே இருப்பவள் வர வேண்டும். நாலு மாசமாக அவர் செய்ததெல்லாம் இந்த ஒரே வேலைதான். ஒன்றை அடைத்தால் ஒன்று திறந்துகொண்டது.

அதில் இந்தத் தடுப்புதான் பெரிய வேலை. இரண்டு பலகை, நடுவில் தகடு, ஓரமெல்லாம் ரப்பர், இடுக்கெல்லாம் சிலிக்கான் பசை. பெட்ரோல் ஆவி கனமானது, தரையோடு தவழும். அதனால் பைக் பக்கத்தில் தரையை ஒட்டி உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு காற்றுத் துளை. ஆனால் சேறு அடித்து அந்தத் துளை மூடிக்கொண்டால்? அதற்காகத்தான் இன்று அட்டையை வைத்து அடைத்துவிட்டு இந்தச் சோதனை. டேங்கைக் காலி செய்துவிட்டுப் படுக்கச் சொல்லலாமே என்றால், காலி டேங்கில் முழுக்க ஆவிதான் இருக்கும், நிறைந்த டேங்கைவிட மோசம், வெல்டிங் தெரிந்த எவனும் சொல்வான். தரையோடு தவழும் என்றால் கீழ்க்கட்டிலுக்குத்தான் முதலில் வரும். மேல்கட்டிலில் படு என்றால் தோள் உடைந்ததிலிருந்து அவளால் கையை ஊன்றி ஏற முடியாது. எப்படிச் சுற்றினாலும் இந்தக் கட்டிலுக்கே வந்து நிற்கிறது. அவர் குனிந்து, மெத்தையில் அவள் தலை வைக்கிற இடத்தில் முகத்தை வைத்து மூச்சை இழுத்தார். புது ரெக்சின் கன்னத்தில் ஒட்டியது. ஒன்றும் வரவில்லை. ஒன்றும் வரவில்லை என்றால் ஒன்றும் இல்லை என்று அர்த்தமில்லை. சட்டைப் பையில் போன் அடித்தது. அவர் துள்ளி எழுந்து, போனில் பொறி வருமா வராதா என்று தெரியாமல், எடுக்காமல், கதவை ஒரே இழுப்பில் திறந்து வெளியே குதித்து, வாகைமர நிழல் வரைக்கும் ஓடிப்போய் எடுத்தார். வாணிதான்.

"அப்பா, கெளம்பியாச்சு. மூணே முக்காலுக்கே வந்துருவோம். எல்லாம் ரெடிங்களா?"

"ரெடி கண்ணு."

"ஏன் மூச்சு வாங்குது?"

"ஏணியில இருந்து எறங்குனேன்," என்றார். பொய் யோசிக்காமலே வந்தது. அதற்கென்று ஒரு தனிக் குழாய் உள்ளே ஓடுகிற மாதிரி.

போனை வைத்துவிட்டு வீட்டைப் பார்த்தார். வளர்மதி சாப்பாட்டுத் தட்டை மூடிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள், முந்தானையால் மூக்கைத் துடைத்தபடி. அவருக்கு ஒரு யோசனை வந்தது. இவ்வளவு நேரம் ஏன் வரவில்லை? மூக்கு இல்லையென்றால் வேண்டாம், இன்னொரு மூக்கு நடந்து வருகிறதே. எதையும் சொல்லாமல் உள்ளே உட்கார வைத்துவிட்டால் போதும், வாசம் இருந்தால் அவளே சொல்வாள், அவள் எதையும் மனசில் வைத்துக்கொள்கிறவள் இல்லை. "வளரு, உள்ள வந்து அந்த மெத்தையில உக்காந்து பாரு, உறுத்துதான்னு," என்றார். அவள் உள்ளே ஏறினாள். அவரும் ஏறிக் கதவைச் சாத்தினார். கதவை ஏன் சாத்தறீங்க, வேகுது என்றாள். ஒரு நிமிஷம் என்றார். அவள் மெத்தையை அழுத்திப் பார்த்தாள், மேல்கட்டிலின் சட்டத்தைத் தொட்டாள், அலமாரியைத் திறந்து மூடினாள். "நல்லாத்தான் இருக்குது. பொழுதன்னிக்கும் இதுக்குள்ளயே கெடந்தீங்களே, வீணாப் போகல," என்றாள். பெட்ரோல் என்ற சொல் வரவில்லை. கடவுளே, இல்லை, கசியவில்லை. அந்த நிம்மதி முழுசாகக் கால் வரைக்கும் இறங்குமுன் அவள் தும்மினாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஞாயிற்றுக்கிழமை நனைந்ததிலிருந்து ஜலதோஷம். பேச்சே மூக்கால்தான் வருகிறது. "உனக்கு வாசம் கீசம் எதுவும் தெரியுதா?" என்று, எதேச்சையாகக் கேட்கிற மாதிரி கேட்டார். "தெரியாம என்ன, பெயின்ட் வாசம் வருதே, புது வாசம்," என்றாள். உள்ளே அவர் பெயின்டே அடிக்கவில்லை. பலகைக்கு ஒட்டுத்தாள்தான். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. புதுசாகச் செய்த அறையில் புதுவாசம் வரத்தானே வேண்டும், அதனால் சொல்கிறாள். புருஷன் நாலு மாசம் பாடுபட்டது, அதனால் சொல்கிறாள். அவர் மூன்று வருஷமாகச் சொல்வதும் இதேதானே. எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்து, அந்த முகத்துக்கு என்ன வேண்டுமோ அதைச் சொல்வது. அவளுடைய பொய்யில் தப்பில்லை, அது பொய் என்று அவளுக்கே தெரியாது. அவர் கதவைத் திறந்துவிட்டார்.

சாப்பிட்டார். என்ன சாப்பிட்டார் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. தாம்பாளத்துப் பெட்ரோலை ஜாக்கிரதையாகக் கேனில் ஊற்றினார், பின்கதவைப் பைக் ஏறுகிற ராம்ப்பாகச் சாய்த்து இறக்கிக் காற்றாட விட்டார். கூப்பிட வேறு யார் இருக்கிறார்கள்? எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டால் ஏன் என்று கேட்பார், மூக்கு மேஸ்திரி அடுத்தவன் மூக்கைக் கேட்பானேன் என்று கேட்பார். நாலு மாசம் முன்னாலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் வாணி என்ன செய்திருப்பாள்? சிரித்திருப்பாள், அவ்வளவுதான். அப்புறம் இந்தக் கட்டிலில் படுக்கும்போதெல்லாம் அப்பாவுக்கு மூக்கு இல்லையே என்று நினைத்திருப்பாள். படுத்திருக்கவே மாட்டாளோ? மறுபடியும் லாட்ஜ். மறுபடியும் கதவுக்கு முட்டு. இல்லை, இல்லை. சிலிக்கான் நன்றாகத்தான் வைத்தேன். இரண்டு கோட் வைத்தேன். கையில் இருக்கிற வேலை எங்கே போகும், மூக்குதானே போனது. கசியாது. கசியாது என்று பத்துத் தரம் சொன்னார். பத்தாவது தரம் சொன்னபோது, அந்த பஸ்ஸுக்குள் நடந்து தலையை ஆட்டினது ஞாபகம் வந்தது.

ஜீப் வந்தது. ஷபானாவின் அத்தாவுடைய பழைய ஜீப், அவளே ஓட்டி வந்தாள். பின்னால் வாணி பைக்கில், ஹெல்மெட்டோடு. எல்லாம் மளமளவென்று நடந்தது. பைக் ராம்ப்பில் ஏறியது, வளையங்களில் பட்டை மாட்டி இறுக்கினார்கள், ஷபானா மேல்கட்டிலில் ஏறிப் படுத்துப் பார்த்துவிட்டு, "அங்கிள், எங்க வீட்டு ரூமைவிட இது சூப்பர்," என்றாள். வாணி சன்னல் கம்பியைத் தள்ளினாள், திறந்தது, அவரைப் பார்த்துச் சிரித்தாள். அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். படுக்குமுன் காற்றுத் துளையைப் பார், சேறு இருந்தால் தட்டிவிடு. கேனை வெளியே வை. மேல்மூடியைத் திறந்தே வை. பைக் உள்ளே இருக்கும்போது அடுப்புப் பற்ற வைக்காதே. சரிப்பா, சரிப்பா என்றாள். இதையெல்லாம் சொல்கிறவன் சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லவில்லை என்று அவளுக்கு எப்படித் தெரியும். கொக்கி மாட்டியாயிற்று. பின்விளக்கு எரிகிறதா என்று பார்த்தாயிற்று. வளர்மதி இருவர் நெற்றியையும் வழித்து நெட்டி முறித்தாள். வாணி ஏறினாள். "போயிட்டு வர்றேன்ப்பா." "சரி கண்ணு." ஜீப் உறுமியது, டிரெய்லர் ஒரு அசை அசைந்து நகர்ந்தது, அவர் கண்ணுக்கு முன்னால் தடுப்பு இருக்கிற இடம், வெளித்தகட்டில் ரிவெட் வரிசையாக ஓடுகிற இடம், மெல்லக் கடந்து போயிற்று. அவர் கை தானாக உயர்ந்து தகட்டில் ஓங்கி மூன்று தட்டுத் தட்டியது. பட்டறையில் வண்டியை நிறுத்தச் சொல்ல அப்படித்தான் தட்டுவார்கள்.

ஜீப் நின்றது. வாணி எட்டிப் பார்த்தாள்.

"என்னாச்சுப்பா? எதையாச்சும் மறந்துட்டமா?"

"எறங்கு கண்ணு."

அவள் இறங்கி வந்தாள். அவர் தகட்டின்மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

"எனக்கு வாசம் தெரியாது," என்றார்.

"எந்த வாசம்?"

"எதுவுமே. அந்தக் காய்ச்சல் வந்துச்சே, அப்பப் போனது. வரவே இல்ல. வந்துருச்சுன்னு பொய் சொன்னேன். இது கசியுதா இல்லையான்னு எனக்குத் தெரியாது. மத்தியானம் பெட்ரோல ஊத்தி வச்சுட்டு உள்ள உக்காந்திருந்தேன். தெரியல."

ஷபானா இன்ஜினை நிறுத்தினாள். முதலில் பேசினது வளர்மதிதான், மூக்கடைத்த குரலில்.

"மூணு வருசமாவா?"

"ஆமா."

"போன வாரம் ரசம் வாசம் தெருவையே தூக்குதுன்னு சொன்னீங்க."

"நீ பெருங்காயம் தட்டுனதப் பாத்தேன் வளரு. அதனால சொன்னேன்."

"அப்ப நான் ஆக்கிப் போட்டது, பூ வெச்சது, எல்லாத்துக்கும் பாத்துப் பாத்துத்தான் சொன்னீங்களா?"

அவள் அவர் முகத்தையே பார்த்தாள், கோபம் எங்கே இருந்து தொடங்குவது என்று தெரியாதவள்போல. "பால் தீஞ்சன்னிக்கு நீங்க தூங்கல," என்றாள். கேள்வியாகச் சொல்லவில்லை. பிறகு மரத்தடிக் கல்லில் போய் உட்கார்ந்துகொண்டு, ஜலதோஷத்துக்கா வேறு எதற்கா என்று தெரியாமல் மூக்கைச் சிந்தினாள். போய்ப் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று அவருக்கு இருந்தது. கால் டிரெய்லரை விட்டு நகரவில்லை.

வாணி திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. "மறுபடி ஊத்துங்கப்பா," என்றாள். "மத்தியானம் எப்படிச் செஞ்சீங்களோ அதே மாதிரி."

பைக்கை இறக்கினார்கள். தாம்பாளத்தில் அரை லிட்டர், காற்றுத் துளைக்கு அட்டை, பின்கதவு மூடியாயிற்று. முன்னறையைச் சாத்திவிட்டுக் கால் மணி நேரம் நால்வரும் மரத்தடியில் நின்றார்கள். அந்தக் கால் மணி நேரத்தில் அவர் இரண்டு பக்கமும் வேண்டிக்கொண்டார். கசியக்கூடாது, கசிந்தால் நாலு மாசம் அவளுக்கு நான் கட்டினது என்ன? கசியட்டும், கசியாவிட்டால் இப்போது வாய் திறந்து எல்லாரையும் இப்படி நிறுத்தினது எதற்கு? இரண்டையும் ஒரே மனசு கேட்டது, வெட்கமாக இருந்தது. வாணி, பைக்கின் பெட்ரோல் வாசம் போக, தண்ணீரில் கையையும் முகத்தையும் கழுவி, ஜாக்கெட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, தனியாக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தகடு டொப்பென்று சொடுக்கியது. உள்ளே அவள் என்ன செய்கிறாள் என்று சத்தமே இல்லை. மூச்சை இழுப்பாள். இப்போது இழுப்பாள். கதவு திறந்தது.

"வருதுப்பா."

"நெசமாவா?"

"நல்லாவே வருது. தலைமாட்டுல."

அவர் படியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தகட்டில் தட்டாமல் விட்டிருந்தால் இந்த வண்டி இந்நேரம் ஊரைத் தாண்டியிருக்கும். ஷபானா உள்ளே எட்டிப் பார்த்து, "ஆமா அங்கிள், தெரியுது," என்றாள். எங்கே, எங்கே விட்டேன்? வாணி மறுபடி உள்ளே போய்க் கட்டிலில் குப்புறப் படுத்து, தடுப்பும் தரையும் சேருகிற இடுக்கில் மூக்கை வைத்து ஒரு ஓரத்திலிருந்து மெல்ல நகர்ந்தாள். அவர் வெளியிலேயே டார்ச்சைப் போட்டுக்கொண்டு பின்னால் போனார். கட்டில் மூலைக்கு வந்ததும் நகர்வதை நிறுத்தினாள். "இங்க." கட்டிலுக்கு அடியில் இருந்த டிராயரை உருவினார். அதன் பின்னால், பைக் பக்கத்து விளக்குக்கு ஒயர் போக அவரே போட்ட விரல் தடிமன் துளை. அந்தப் பக்கம் அடைத்திருந்தார், இந்தப் பக்கம் மறந்திருந்தார். அந்தப் பக்கம் அடைத்த சிலிக்கானும் ஒயர் இழுத்த இழுப்பில் விட்டுப் போயிருந்தது. பழைய மூக்காக இருந்தால் உள்ளே கால் வைத்ததுமே தலையை அந்த மூலைக்குத் திருப்பியிருக்கும்.

பின்கதவைத் திறந்துவிட்டு, பெட்ரோலை அகற்றி, இரண்டு பக்கமும் துடைத்து, சிலிக்கான் பீய்ச்சுகிற கன்னை எடுத்தார். துளையை இரண்டு பக்கமும் அடைத்தார். "இது காயறதுக்கு விடியணும் கண்ணு. நாளைக்குக் காலைல இன்னொருக்கா ஊத்திப் பாத்துட்டுத்தான் போகோணும்," என்றார்.

ஷபானா வாசலில் நின்றபடி, "அப்ப நாளைக்குப் பிராக்டிஸ் போச்சு," என்றாள். "புது ட்ராக் அங்கிள். ஒரு சுத்துக்கூடப் பாக்காம சனிக்கெழம நேரா ஏறணும். எந்த மேடு எவ்வளவு ஒசரம்னுகூட இவளுக்குத் தெரியாது."

அவர் கன்னைப் பிடித்தபடி வாணியைப் பார்த்தார். தெரியாத மேட்டில் பறக்கப் போகிறவள், இன்னும் சரியாகச் சேராத தோளோடு. இது இன்னொரு ஓட்டை. இதை அடைக்க எந்த டப்பாவில் என்ன இருக்கிறது? போகாதே என்ற வார்த்தை வாய்வரை வந்தது. மத்தியானத்திலிருந்து, இல்லை, அதற்கு ரொம்ப முன்னாலிருந்தே அந்த வார்த்தை அங்கேதான் இருந்தது. வாணி ஷபானாவைப் பார்க்காமலே, "தெரியும். நடந்து பாத்துக்கலாம், காலைல ட்ராக்குல நடக்க விடுவாங்க," என்றாள். பிறகு மூலையைக் காட்டினாள். "அங்க முடிச்சுட்டீங்களா? நான் இந்த ஓரத்தையும் பாக்கணும். நீங்க ஒவ்வொரு ஒயர் எங்க போகுதுன்னு சொல்லுங்க."

அவர் சொன்னார். ஃபேனுக்குப் போகிறது, இது சார்ஜ் போட, இது பின்விளக்குக்கு. ஷபானா அந்தப் பக்கம் போய்ப் பெட்ரோல் நனைத்த துணியைத் தடுப்பின்மேல் பிடிக்க, இந்தப் பக்கம் ஒவ்வொன்றிலும் வாணி மூக்கை வைத்தாள். இரண்டாவதில் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சம் அதிக நேரம் இருந்தாள், பிறகு இல்லை என்று தலையை ஆட்டினாள். ஆட்டினதை அவர் நம்பினார். மூன்றாவதில் உதட்டைச் சுளித்தாள், அவர் அந்தச் சட்டத்தையே கழற்றி மறுபடி அடைத்தார். வெளியே வெயில் சாய்ந்து தகடு சொடுக்குவது நின்றிருந்தது. வளர்மதி எழுந்து வந்து வாசலில் நின்றாள். உள்ளே இருட்டாக இருந்ததைப் பார்த்து, அவர் தரையில் வைத்திருந்த டார்ச்சை எடுத்து அவர் கை இருக்கும் இடத்துக்கு நீட்டிப் பிடித்தாள்.

"இப்பப் பாரு," என்றார்.

வாணி குனிந்தாள். மூச்சை இழுத்தாள்.

"இல்லப்பா. இப்ப வரல."

"மறுபடி ஒருக்கா பாரு, கண்ணு. எனக்காகச் சொல்லாத. நெசமாப் பாத்துச் சொல்லு."